மடிப்பிள்ளைக்கும் ஒரு புத்தகம்

3 மே 2025, சனி

இரவு ஒன்பது மணி வாக்கில் சுங்கைப் பட்டாணியிலிருந்து அண்ணி போன் போட்டார். மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறதே, எல்லாரும் ஹட்யாய் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாமாம். பின்னால் அண்ணன் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியில் முக்கியமானது இது:

"பெரியவனுக்குப் பாஸ்போட் இருக்குல்ல? சின்னவளுக்கு ஒண்ணும் வேணாம்மா. பத்து மாசக் குழந்தை. சூராட் பெராணாக்கைக் கையில வச்சுக்க. மடியில கெடக்குற பிள்ளையைப் புடிச்சு நிறுத்திடவா போறான்?"

சூராட் பெராணாக், அதாவது பிறப்புச் சான்றிதழ் போதுமாம். சரிங்க அண்ணி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது. அண்ணி கெடாக்காரர். கெடா, பெர்லிஸ், கிளந்தான் என்று எல்லையை ஒட்டிய மாநிலத்தாருக்கு எல்லைப் பாஸ் என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு நாலு தடவை அதைக் காட்டிவிட்டு ஹட்யாய் போய்ச் சாப்பிட்டு, துணி வாங்கிக்கொண்டு வருகிறவர். அவருக்கு எல்லை என்றால் ஒரு டோல் மாதிரி. பினாங்குக்காரர்களுக்கு அந்தப் பாஸ் கிடையாது. பட்டர்வொர்த்தைத் தாண்டினால் அரைமணி நேரத்தில் அவர் வீடு. ஆனால் தாய்லாந்துக் கணக்கில் அவர் பக்கத்து வீட்டுக்காரர், நான் அசலூர்க்காரி.

இவரிடம் கேட்டேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அக்கா சொன்னது எப்போதுதான் தப்பாக இருந்திருக்கிறது இந்த வீட்டில்.

4 மே, ஞாயிறு

பெரியவனின் கடப்பிதழைத் தேடி இரும்பு அலமாரியைக் கவிழ்த்தேன். கல்யாணப் புடவையின் அடியில் இருந்தது. திறந்தால், ஒன்றே முக்கால் வயதுப் படம். கன்னம் இரண்டும் அப்பம் மாதிரி. முன்பல் இரண்டும் விழுந்து நிற்கிற ஏழு வயதுக்காரன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "இது பாப்பாவா?" என்றான்.

2019 நவம்பரில் எடுத்தது. இவருடைய அப்பாவை, என் மாமாவை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் போவதாக இருந்தோம். 2020 மார்ச் கடைசி வாரத்துக்கு டிக்கெட். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, நாடே கதவைச் சாத்திக்கொண்டது. எல்லையைத் திரும்பத் திறந்தது 2022 ஏப்ரல் 1. அதற்குள் எங்களுக்கு ஆசையும் போய்விட்டது, கையில் இருந்த காசும் போய்விட்டது. ஐந்து வருடப் புத்தகம் சென்ற நவம்பரில் காலாவதி. ஒரு முத்திரைகூட விழவில்லை. தாள் இன்னும் மொடமொடவென்று இருக்கிறது.

ஆக, இப்போது ஒன்றல்ல, இரண்டு எடுக்க வேண்டும். இவர் உடனே கணக்குப் போட்டார்: பன்னிரண்டு வயது வரைக்கும் தலைக்கு நூறு வெள்ளி. "போன தடவை நூறு வெள்ளி அப்படியே போச்சு. இப்ப இருநூறு. ரெண்டு ராத்திரிக்கு!"

6 மே, செவ்வாய்

பாயான் லெப்பாஸ் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். கணக்குப் பிரிவில் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஆறு சட்டம் தெரிந்திருக்கிறது.

ஒருத்தி சொன்னாள், இரண்டு வயது வரைக்கும் விமானத்தில் சீட்டே கிடையாது, மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், சீட்டு இல்லாத பிள்ளைக்குப் பாஸ்போட் எதற்கு என்று. சீட்டு வேறு, ஆள் வேறு என்றேன். இன்னொருத்தி, அம்மா பாஸ்போட்டிலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அவள் பாட்டி அப்படித்தான் வந்தார் என்றாள். மூன்றாமவள் ஒரு சீன அக்கா. மூன்று பிள்ளைக்காரி. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "பிறந்த மூணாவது மாசம் எடுத்துடு. எடுத்து வை. எப்ப எங்க ஓட வேண்டி வரும்னு யாருக்குத் தெரியும்?" அவள் சிரிக்கவில்லை.

கடப்பிதழே வேண்டாத இடமாகப் போனால் என்ன என்றும் பேச்சு வந்தது. லங்காவி: கோலக் கெடாவில் ஃபெரி ஏறினால் முடிந்தது, கடப்பிதழை யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவனைப் போன வருடம் பள்ளியில் அழைத்துப் போனார்கள். கூச்சிங்: அது கொஞ்சம் வேடிக்கை. ஒரே நாடு, ஆனாலும் குடிநுழைவுக் கவுண்டர் உண்டு. 1963இல் மலேசியா உருவானபோதே சபாவும் சரவாக்கும் உள்ளே வருகிறவர்களைக் கட்டுப்படுத்தும் உரிமையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. தீபகற்பத்து ஆள் ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டினால் மூன்று மாதம் வரை இருக்க ஒரு சீட்டு தருவார்கள். பன்னிரண்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும்.

அண்ணி சொன்ன "சூராட் பெராணாக் போதும்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. நாலு வருடம் முன்னால் அவர் மகள் கோத்தா கினபாலு போய் வந்தாள். அந்தச் சட்டம் நடந்து நடந்து தாய்லாந்து எல்லைக்கு வந்துவிட்டது.

8 மே, வியாழன்

பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். கண் எரிகிறது, ஆனாலும் எழுதி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு இவர் கேட்கும்போது உளறுவேன்.

நாட்டை விட்டு வெளியே என்றால், பிறந்து ஒரு வாரக் குழந்தையானாலும் தனிக் கடப்பிதழ் வேண்டும். ஹட்யாய், மேடான், சிங்கப்பூர், சென்னை எல்லாவற்றுக்கும் இதே பதில். ஆசியான் ஆசியான் என்று கொடியைத் தொங்கவிடுகிறோம், விசா வேண்டாம் என்கிறோம். ஆனால் ஐசியை மட்டும் காட்டி எல்லை தாண்டும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

வேறு இடங்களில் சலுகை இருக்கிறது. இந்தியர்கள் நேப்பாளத்துக்குப் போகக் கடப்பிதழே வேண்டாம். பதினைந்துக்குக் கீழே இருந்தால் அடையாளச் சான்றில் இன்னும் தளர்வு. அமெரிக்கப் பிள்ளைகள் பதினாறு வயது ஆகும் வரை கனடாவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ தரை வழியாகவோ கடல் வழியாகவோ திரும்பினால் பிறப்புச் சான்றிதழைக் காட்டிக்கொண்டு வரலாம். விமானத்தில் என்றால் அவர்களுக்கும் முடியாது. அங்கேயும் இப்படி ஓர் அண்ணி இருப்பார், தரைச் சட்டத்தை ஆகாயத்துக்குக் கொண்டு போகிறவர்.

அம்மா புத்தகத்தில் பெயர் சேர்ப்பது என்ற வழக்கம் உலகம் முழுக்க இருந்ததுதான். பிரிட்டன் 1998 அக்டோபர் 5 முதல் புதிதாக எடுக்கிற பிள்ளைகளுக்குத் தனிப் புத்தகம் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜூன் 26 முதல், பெற்றோர் புத்தகத்தில் எழுதிய பெயர் செல்லாது. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஆள் என்ற விதிக்கு இரண்டு காரணம். ஒன்று இயந்திரம்: கீழே ஓடும் அந்த இரண்டு வரியில் ஒருவர் விவரம்தான் ஏறும், சில்லில் ஒரு முகம்தான் இருக்கும். சில்லு வைத்த கடப்பிதழை 1998 மார்ச்சில் உலகத்திலேயே முதலில் கொடுத்ததே நம் நாடுதானாம். இதை நான் இதுவரை பெருமையடித்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன். இரண்டாவது காரணம் பிள்ளை கடத்தல். தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டால், பெயர் யார் புத்தகத்தில் இருக்கிறதோ அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம். வெறும் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருந்தால், அதே வயதில் எந்தப் பிள்ளையையும் அந்தப் பெயரில் கொண்டு போகலாம். படமே கிடையாதே.

இந்தியாவின் மின்விசாவில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: பெற்றோர் கடப்பிதழில் பெயர் சேர்த்தவர்களுக்குக் கிடையாது, ஆளுக்கொரு கடப்பிதழ்.

காலையில் இவரிடம் சொல்ல வேண்டிய கணக்கு: நூறு வெள்ளி, அறுபது மாதம். மாதம் இரண்டு வெள்ளிகூட வரவில்லை. ஒரு தே தாரிக்.

9 மே, வெள்ளி

சொன்னேன். "சரி எடு" என்றார். இவ்வளவுதானா? நான் இரவெல்லாம் படித்தது வீணாகிவிட்டதே.

10 மே, சனி

லிட்டில் இந்தியாவில் படம் எடுக்கும் கடை. பெரியவனுக்கு வேண்டாம், அவனைக் கவுண்டரிலேயே எடுத்துவிடுவார்கள், நாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குத்தான் படம் கையில் கொண்டு போக வேண்டும் என்றார் கடைக்கார அண்ணன். வெள்ளைப் பின்னணி, கறுத்த நிறச் சட்டை. நான் அவளுக்கு மஞ்சள் கவுன் போட்டுக் கூட்டிப் போயிருந்தேன். எதிர்க் கடைக்கு ஓடி, பன்னிரண்டு வெள்ளிக்குக் கருநீலத்தில் ஒரு சட்டை. பத்து மாதப் பெண்ணுக்குக் கருநீலம். மாமியார் இருந்திருந்தால் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்.

உட்கார வைத்தால் சாய்கிறாள். பிடித்தால் என் விரல் படத்தில் விழுகிறது. கடைசியில் அண்ணன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியைப் போர்த்தினார். போர்வைக்கு மேலே சின்னவள், போர்வைக்குள்ளே நான். துணிக்கு அடியிலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு முட்டியது. வெளியே தெருவில் கேசட் கடைப் பாட்டு, கற்பூர வாசனை, யாரோ வடை விலை கேட்கிறார்கள். அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டுகிறார். "பாப்பா, இங்க பாரு! வாய மூடு! வாய மூடும்மா!" அவள் வாயை மூடவில்லை, எச்சில் ஒழுகுகிறது. சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, கண் திறந்திருக்க வேண்டும், விரல் வாயில் இருக்கக் கூடாது. பத்து மாதப் பிள்ளைக்கு வேறு என்ன வேலை தெரியும்?

பதினேழாவது படம் சரியாக வந்தது. அதில் அவள் யாரோ கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பது போல் பார்க்கிறாள். 2030 வரைக்கும் இந்த முகம்தான்.

12 மே, திங்கள்

விசாக தினம், விடுமுறை. மாமாவுக்கு ஜெலுத்தோங் வீட்டில் மதியச் சோறு கொண்டுபோனேன். கருநீலச் சட்டைப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த டின்னை நான் திறந்து பார்த்ததில்லை.

உள்ளே அவர் அம்மாவின் கடப்பிதழ். இந்திய அரசாங்கத்துடையது. அட்டையில் சிங்க முத்திரை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. மூக்குத்தி போட்ட ஒரு சின்னப் பெண்ணின் படம், இருபது வயதுகூட இருக்காது. கையெழுத்துக்குப் பதில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. அடுத்த பக்கத்தில் பிள்ளைகள் என்று ஒரு கட்டம்: பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா. கட்டத்தில் ஒரே ஒரு வரி. பேனா மையில் மாமாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, அதிலும் ஓர் எழுத்துப் பிழை. "நான் இந்த ஊருக்கு வந்ததுக்கு இருக்குற ஒரே சாட்சி இந்த ஒரு வரிதாம்மா" என்றார்.

அவருடைய அப்பா 1937இல் கங்காணி கூட்டி வந்து கெடா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ஜெரஜாக் தீவில் நோய்க்காவல் இருந்துவிட்டுத்தான் கரைக்கு விட்டார்களாம். அடுத்த வருடமே இந்திய அரசாங்கம் கங்காணி ஆள்கட்டலை நிறுத்திவிட்டது. யுத்தம், ஜப்பான்காரன் எல்லாம் முடிந்து, ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டி, 1951இல் மனைவியையும் இரண்டு வயது மாமாவையும் வரவழைத்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தோணியில் போய் ஏற வேண்டும். ஆட்டத்தில் அம்மா மாமாவை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாளாம். கப்பல் ரஜுலா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல், எழுபதுகளின் ஆரம்பம் வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் எழுபது வயது தாண்டிய தமிழர்களிடம் ரஜுலா என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும்.

"இறங்குற எடத்துல ஆபீசர் என்னையப் பாக்கவே இல்லையாம். புத்தகத்தப் பார்த்தான், அம்மாவப் பார்த்தான், கட்டுன முந்தானையப் பார்த்தான், போன்னு சொல்லிட்டானாம். உள்ள பிள்ளை இருக்கா, பூசணிக்கா இருக்கான்னுகூடப் பாக்கல."

1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு ஐசி வைத்திருந்த அவருடைய சித்தப்பா குடும்பம் கப்பலேறித் திரும்பிப் போனது. மாமாவுக்கு அதற்குள் நீல ஐசி. அவர் இருந்தார்.

அவர் இதுவரைக்கும் நாகப்பட்டினம் போகவில்லை. இப்போது அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் முதல் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறார்களே என்று சொன்னேன். "பினாங்குக்கு விடச் சொல்லு, வர்றேன்" என்றார்.

14 மே, புதன்

அரைநாள் லீவு போட்டு இரண்டு பிள்ளைகளையும் குடிநுழைவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தேன். தப்பு என்னுடையது. பிறப்புச் சான்றிதழின் அசலைக் கொண்டுபோகாமல், அழகாக லேமினேட் செய்த நகலைக் கொண்டுபோயிருந்தேன். கவுண்டர்ப் பெண் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அஸ்லி, காக்" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடவும் வழியில்லை.

15 மே, வியாழன்

இன்று முடிந்தது. அசல் சான்றிதழ், மைகிட், பெரியவனின் பழைய புத்தகம், என் ஐசி, இரண்டு பிள்ளைகள், ஒரு பால் புட்டி, நாலு நாப்கின். பிள்ளை நேரில் வர வேண்டும், தாயோ தகப்பனோ கூட இருக்க வேண்டும். 2023 ஆரம்பத்தில் எல்லைகள் திறந்த சூட்டில் விடியற்காலை நாலு மணிக்கே ஜனங்கள் அலுவலக வாசலில் வரிசை பிடித்ததாகப் பத்திரிகையில் படம் வந்ததே, அந்தக் கூட்டம் இன்று இல்லை. எண் எடுத்து உட்கார்ந்தோம்.

பக்கத்தில் ஒரு அக்கா, அறுபது வயதிருக்கும், பேத்திக்கு எடுக்க மகளோடு வந்திருந்தார். சின்னவளைக் கொஞ்சிக்கொண்டே பேச ஆரம்பித்தார். எங்கே போகிறீர்கள் என்றார். ஹட்யாய் என்றேன். நாங்களும்தான், குடும்பமாகப் பதினொரு பேர், என் தம்பி பேரன் மட்டும் வர மாட்டான் என்றார். ஏன்?

தம்பி மகன் ஒரு இந்தோனேசியப் பெண்ணைக் கட்டினானாம். கோயிலில் தாலி கட்டி, ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டு, படமெல்லாம் இருக்கிறது. பதிவு மட்டும் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளை பிறந்து எட்டு மாதம் கழித்துப் பதிந்தார்கள். 1982 மார்ச் 1 முதல் இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிந்தால்தான் கல்யாணம். தாலி, மாலை, அக்கினி எதையும் சட்டம் எண்ணாது. பிள்ளை பிறந்த அன்று கல்யாணம் பதிவில் இல்லை. பதிவில் இல்லையென்றால் அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்கு வராது, அம்மா எந்த நாடோ அந்த நாடு. பையனின் பிறப்புச் சான்றிதழில் 'புக்கான் வார்காநெகாரா' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் பிறந்தவன், பினாங்குத் தமிழ் பேசுகிறவன், குடிமகன் அல்ல.

"அம்மா பக்கம் போய்க் கேட்டா, இங்க பொறந்த பிள்ளைக்கு அங்க ஒரு பேப்பரும் இல்லைங்கறான். இங்க 15ஏ போட்டிருக்கு. நாலு வருசமாச்சு." இருபத்தொரு வயதுக்குக் கீழே இருப்பவர்களை அரசாங்கம் தன் சிறப்பு அதிகாரத்தில் குடிமக்களாகப் பதிய அரசியலமைப்பில் இருக்கிற பிரிவு அது. மனு போட்டவர்களுக்கு அது பிரிவு இல்லை, ஒரு ஊர்ப் பெயர் மாதிரி. '15ஏ'யில் இருக்கிறோம் என்கிறார்கள்.

வெளிநாட்டில் மலேசியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை தருகிற திருத்தம் போன வருடம் அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியபோது நானும் கைதட்டினேன். இந்தப் பையன் அந்தக் கணக்கில் வரவில்லை. இவன் தாய் மலேசியர் அல்ல, இவன் வெளிநாட்டில் பிறக்கவும் இல்லை.

அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "அவனுக்குப் பொம்மை வாங்கிட்டு வந்துருவோம். அவனும் இப்பல்லாம் அழறதில்ல."

என் எண் வந்துவிட்டது. எழுந்து போனேன். ஐந்தே நிமிடம். பெரியவன் கேமராவுக்குப் பல்லைக் காட்டினான், மூடச் சொன்னார்கள். இருநூறு வெள்ளி. காத்திருந்து இரண்டு சிவப்புப் புத்தகத்தையும் இன்றே கையில் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு எண்ணும் 'ஏ' என்று ஆரம்பிக்கிறது. தீபகற்பத்தில் எடுத்தால் ஏ, சபாவில் எச், சரவாக்கில் கே. வெளியே வரும்போது அந்த அக்காவைத் தேடினேன். உள்ளே போயிருந்தார்.

கோயிலில் கல்யாணம் வைக்கிறவர்களுக்கு: பல கோயில்களில் துணைப் பதிவாளர் அங்கேயே இருக்கிறார். கையெழுத்துப் போடப் பத்து நிமிடம்.

18 மே, ஞாயிறு

மூன்று புத்தகத்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சின்னவளின் பெயர், பிறகு 'மகள்' என்பதற்கான ஏ/பி, பிறகு இவர் பெயர். என் புத்தகத்தில் என் பெயர், ஏ/பி, என் அப்பா பெயர். நம் கடப்பிதழில் பெற்றோர் பெயருக்கென்று இடம் இல்லை. இந்தியாவுடையதில் கடைசிப் பக்கத்தில் அம்மா அப்பா பெயர் இருக்கும். ஆக, இந்த இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நானும் சின்னவளும் ஒரு கவுண்டரில் நின்றால், நான் அவளுக்கு யார் என்று சொல்ல அதில் ஒரு எழுத்தும் இல்லை.

பத்து மாதம் சுமந்தது நான். புத்தகம் இவரைச் சொல்கிறது.

என் தோழி ஒருத்தி புருசன் இல்லாமல் பிள்ளையோடு தனியாக ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கி, முக்கால் மணி நேரம் உட்கார வைக்கப்பட்டாள். குடும்பப் பெயர் பொருந்தவில்லையாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இந்திய மின்விசாவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்து எங்கள் ஆபீஸ் தமிழர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது தனிக் கதை. விமான டிக்கெட்டில் அந்தச் சாய்கோடு ஏறாது, 'ஏபி' என்று ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவனுக்கு அது என்ன பெயர் என்று புரியாது.

அதனால் பிறப்புச் சான்றிதழின் அசலைச் சின்னவளின் கடப்பிதழோடு ஒரே உறையில் போட்டுவிட்டேன். தாய், தகப்பன் இருவர் பெயரும் இருக்கிற ஒரே தாள் அதுதான். ஒருத்தர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அண்ணி சொன்னது பாதி சரி. சூராட் பெராணாக் வேண்டும். அது மட்டும் போதாது.

29 மே, வியாழன்

தாய்லாந்துக்கு இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து டிஜிட்டல் வருகை அட்டை வந்துவிட்டது. போவதற்கு மூன்று நாளுக்குள் போனில் நிரப்ப வேண்டும், காசு இல்லை, ஆளுக்கொன்று, குழந்தைக்கும். சின்னவளுக்கு நிரப்பினேன். தொழில் என்று ஒரு கட்டம். ரொம்ப நேரம் யோசித்து, 'குழந்தை' என்று போட்டேன். இவர் எட்டிப் பார்த்து, "முதலாளின்னு போடு" என்றார்.

31 மே, சனி

அண்ணி குடும்பம் காரில் புக்கிட் காயூ ஈத்தாம் வழி. நாங்கள் ரயில். காலை ஃபெரியில் காற்று நன்றாக இருந்தது. பெரியவன் பாலத்தை எண்ணினான், இரண்டுதான் வந்தது. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ஏறினோம். அலோர் ஸ்டார் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். சின்னவள் தூங்கிவிட்டாள்.

பாடாங் பெசாரில் ஒரே ஸ்டேஷன் கட்டடத்துக்குள் முதலில் நம் கவுண்டர், நாலு எட்டு வைத்தால் தாய்லாந்துக் கவுண்டர். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் குடும்பம், மலாய்க்காரர்கள். கைப்பிள்ளைக்குப் புத்தகம் இல்லை. அந்த அம்மா பிறப்புச் சான்றிதழை நீட்டுகிறாள், அதிகாரி தலையாட்டுகிறார், அவள் திரும்பவும் நீட்டுகிறாள். கடைசியில் தகப்பனும் மூத்த பிள்ளைகளும் இந்தப் பக்கம் திரும்பி வந்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பையில் நெகிழி வாளி, கடற்கரைச் செருப்பு. ஒருத்தரும் பேசவில்லை. நான் அண்ணியை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை. தாய்லாந்து அதிகாரி சின்னவளின் புத்தகத்தைத் திறந்தார், படத்தைப் பார்த்தார், அவளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கத்தில் இருந்தவளை எழுப்பித் தூக்கிப் பிடித்தேன். கடன் கேட்டு வந்தவரைப் பார்க்கிற அதே பார்வை. அவர் சிரித்துவிட்டார். டப்.

உறைக்குள் இருந்த சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

2 ஜூன், திங்கள்

மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை. இரவு எட்டு மணிக்கு வீடு. பெரியவனுக்கு வயிற்றுப்போக்கு, மாம்பழச் சோறு காரணம். அண்ணி மூன்று பை துணி வாங்கினார். பாடாங் பெசார் பெஞ்சில் பார்த்ததை ஹட்யாயில் அவரிடம் சொன்னேன். "அப்படியா? ரூல் மாத்திட்டானுங்க போல" என்றார்.

மாமாவுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

சின்னவளின் கடப்பிதழில் இப்போது இரண்டு முத்திரை, ஒன்று போனது, ஒன்று வந்தது. காலாவதி 2030 மே. ஆறு மாதம் கையிருப்பு வேண்டும் என்று கேட்கிற நாடுகளுக்கு 2029 நவம்பர் வரைதான். அலமாரிக் கதவின் உள்பக்கம் தேதியை எழுதி ஒட்டிவிட்டேன்.